சிஸ்டத்தை மாற்றாதே, த்ரோவைப் பார்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் வீடியோவும் வந்து சேர்ந்தன. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா? மாடிப்படி ஏறவிடாதே. வாத்தியார் அந்த எட்டாம் நம்பர் பந்துக் கதையை இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். விடமாட்டார், அது அவர் சொத்து. குண்டனிடம் என் பூல் க்யூ (பந்தடிக்கும் கோல்) பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல். இனி விஷயத்துக்கு, உன் பூல் ஆட்டத்துக்கு, வருகிறேன்.

"மறுபடியும் ஏமிங் சிஸ்டத்தை மாற்றிவிட்டேன்" என்ற வரியைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. குறி பார்க்க முதலில் கோஸ்ட் பால் (மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து இருக்கும் இடத்தில் ஒரு பந்தைக் கற்பனை செய்து அங்கே குறிவைப்பது), பிறகு பந்தை முக்கால், அரை, கால் என்று பிரித்துப் பார்ப்பது, இப்போது சென்டர்-டு-எட்ஜ் (மையத்திலிருந்து ஓரத்துக்குக் கோடு பார்க்கும் முறை). அடுத்து என்னடா, கண்ணாடியை மாற்றப்போகிறாயா? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ தவறவிட்ட கட் ஷாட் (வெள்ளைப் பந்தால் கலர் பந்தை ஓரமாக அடித்துச் சாய்வாகத் திருப்புவது) அத்தனையும் திக்காகவே, அதாவது வேண்டியதைவிடக் குறைவாகத் திரும்பியே, போயிருக்கிறது, ஒன்றுகூட தின்னாக, அதாவது அதிகமாகத் திரும்பி, போகவில்லை. குறி பார்ப்பதில் நிதானம் இல்லாதவனுக்குப் பந்து இரண்டு பக்கமும் சிதறும். உனக்கு ஒரே பக்கம்தான் போகிறது. அப்படியென்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பிடிக்காமல் எந்த சிஸ்டத்துக்குத் தாவினாலும் பந்து அதே குஷனில்தான் (மேசையின் ரப்பர் விளிம்பு) போய் முட்டும்.

முதலில் வடிவக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அளவுகள் கையில் இருந்தால்தான் பின்னால் சொல்வது புரியும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஆரம் அதில் பாதி. பாக்கெட்டின் நடுவிலிருந்து கலர் பந்தின் மையம் வழியாகக் கோடு இழுத்தால், அது பந்தின் பின்பக்கத்தில் வெளிவரும் இடம்தான் தொடும் புள்ளி. வெள்ளைப் பந்தின் மையத்தை அந்தப் புள்ளிக்கே குறிவைத்து அடிப்பதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். வெள்ளைப் பந்துக்கும் ஆரம் இருக்கிறது. அதன் மையம் அந்தப் புள்ளிக்குப் போகுமுன் அதன் கன்னம் வேறிடத்தில் முட்டிவிடும். 30 டிகிரி கட் ஷாட்டில் இப்படி அடித்தால் பந்து சுமார் 14.5 டிகிரிதான் திரும்பும். 90 செ.மீ. தள்ளி இருக்கும் பாக்கெட்டை அது கால் மீட்டர் விலகித் தாண்டும்.

சரியான கணக்கு இதுதான்: நீ நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது தொடும் புள்ளி கலர் பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தெரிகிறதோ, வெள்ளைப் பந்தின் மையத்தை அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளிக் குறிவைக்க வேண்டும். தொடும் புள்ளி மையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் தெரிந்தால் குறி ஓரத்தில். அதுதான் ஹாஃப் பால் (கலர் பந்தின் பாதியை மூடி அடிப்பது), 30 டிகிரி. முக்கால் பந்து என்றால் 14.5 டிகிரி, குறி மையத்துக்கும் ஓரத்துக்கும் சரிபாதியில். கால் பந்து என்றால் 48.6 டிகிரி, குறி ஓரத்துக்கும் வெளியே 14 மி.மீ. தள்ளி, வெறும் காற்றில். கால் பந்தில் எல்லோரும் தடுமாறுவது இதனால்தான்: கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு வெள்ளைப் பந்தின் மையத்தை விட்டுவிட்டு அதன் உள் ஓரத்தைப் பார். அந்த ஓரம் கலர் பந்தின் கால் பங்கை மூட வேண்டும், அவ்வளவுதான்.

கோஸ்ட் பாலும், முக்கால், அரை, கால் என்ற பின்ன முறையும், இந்த இரட்டிப்புக் கணக்கும் வேறுவேறு இல்லை என்பது இப்போது தெரிகிறதா? மூன்றும் வெள்ளைப் பந்தின் மையத்தை ஒரே இடத்துக்குத்தான் அனுப்புகின்றன. ஒன்று தோற்றால் மூன்றும் தோற்கும். நீ சிஸ்டம் மாற்றியும் பலன் கிடைக்காததற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி த்ரோ. கட் அடிக்கும்போது வெள்ளைப் பந்தின் பரப்பு கலர் பந்தின் பரப்பில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. அந்த உராய்வு கலர் பந்தை, வெள்ளைப் பந்து போய்க்கொண்டிருந்த திசையை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடும். ஆகவே எப்போதும் திக் பக்கமாகத்தான் தவறும். இழுப்பு மிக அதிகமாக இருப்பது எப்போது தெரியுமா? மெதுவாக, ஸ்டன்னில் (வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கியபடி வந்து மோதுவது), ஏறக்குறைய ஹாஃப் பால் அடிக்கும்போது. அங்கே 5 டிகிரி வரைகூடப் போகும். உன் வீடியோவை மறுபடி போட்டுப் பார்: வெள்ளைப் பந்தை அங்கேயே நிறுத்தவேண்டும் என்ற ஆசையில் கட் ஷாட் எல்லாவற்றையும் மெல்லத் தட்டுகிறாய், ஸ்டன்னில். த்ரோ அதிகமாக வருவதற்கு வேண்டியதை எல்லாம் நீயே ஏற்பாடு செய்து கொடுக்கிறாய்!

5 டிகிரி என்றால் சின்ன விஷயம் என்று நினைக்காதே. டபிள்யூபிஏ (உலக பூல்-பில்லியர்ட் சங்கம்) விதிப்படி 9 அடி டேபிளில் மூலை பாக்கெட்டின் வாய் சுமார் 114 முதல் 117 மி.மீ. பந்து 57 மி.மீ. நடுவில் போனால் பக்கத்துக்கு 28 மி.மீ. இடம் இருக்கிறது. ஃபுட் ஸ்பாட்டிலிருந்து (பந்துகளை அடுக்கும் பக்கத்தில் இருக்கும் புள்ளி) மூலை 90 செ.மீ. அந்தத் தூரத்துக்கு இந்த 28 மி.மீ. வெறும் 1.8 டிகிரிதான். 5 டிகிரி த்ரோ பந்தை 8 செ.மீ. தள்ளிவிடும். குறி துல்லியமாக இருந்தும் பந்து விழாது, நீயும் கண்ணைத் திட்டிக்கொண்டிருப்பாய். இன்னும் ஒரு அளவு சொல்கிறேன்: ஹாஃப் பாலில் வெள்ளைப் பந்து வந்து சேரும் இடம் ஒன்றரை மி.மீ. பிசகினாலே அந்த 1.8 டிகிரி போய்விடும். கால் பந்தில் 1.2 மி.மீ.தான் மிச்சம். தின் கட் கஷ்டம் என்று சொல்வது இதனால்தான்.

இனி செய்யவேண்டியது. ஒரே கலர் பந்து, ஒரே பாக்கெட், நான்கு இடம். கலர் பந்தை ஃபுட் ஸ்பாட்டில் வை. இலக்கு அதே பக்கத்து இடது மூலை (பிரேக், அதாவது முதல் அடி, அடிக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது). ஃபைல் தாளின் ஓட்டையைச் சுற்றி ஒட்டுகிற வளைய ஸ்டிக்கர் இருக்கிறதே, அதை வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடங்களில் ஒட்டிக்கொள். இடம் மில்லிமீட்டர் பிசகாமல் திரும்பத் திரும்ப அமைய வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சியே வீண்.

முதல் இடம் வலது நடு பாக்கெட்டின் வாயருகே, பாக்கெட்டின் நடுக்கோட்டில். அங்கிருந்து ஃபுட் ஸ்பாட் வழியாக இடது மூலை வரை ஒரே நேர்கோடு, கட்டே இல்லை. இங்கே தவறினால் அது குறிப் பிசகு அல்ல, ஸ்ட்ரோக் வளைகிறது. இதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகாதே.

இரண்டாவது, வலது நீளக் குஷனில் நடு பாக்கெட்டுக்கு அடுத்து, பிரேக் அடிக்கும் பக்கம் இருக்கும் டைமண்டுக்கு (மேசை விளிம்பில் பதித்த குறி) நேராக. வெள்ளைப் பந்தின் மையம் குஷனிலிருந்து 5 செ.மீ. இருக்கட்டும். இது முக்கால் பந்து.

மூன்றாவது, ஹெட் ஸ்ட்ரிங் கோட்டின் மேல் (பிரேக் அடிக்கும் பக்கத்துக் குறுக்குக் கோடு), அதன் நடுப்புள்ளியான ஹெட் ஸ்பாட்டிலிருந்து வலப்புறம் 37 செ.மீ., அதாவது ஒரு டைமண்ட் இடைவெளிக்குச் சற்றுக் கூடுதல். இது சரியான ஹாஃப் பால். கலர் பந்தின் வலது ஓரத்தில் க்யூவை நீட்டிப் பிடித்து நீயே சரிபார்க்கலாம்.

நான்காவது, ஹெட் ஸ்பாட்டிலிருந்தே. வடிவக் கணக்கில் 47 டிகிரி வருகிறது. கால் பந்துக்கு 48.6. அந்த ஒன்றரை டிகிரி வித்தியாசம் த்ரோவுக்கு ஒதுக்கியது போல அமைந்துவிடுகிறது. கால் பந்தாகவே அடி, விழும். எனக்கு இந்த டேபிளிலேயே மிகவும் பிடித்த ஷாட் இது.

எப்படி அடிக்க வேண்டும்? தொடக்கத்தில் வெள்ளைப் பந்தின் நடுவுக்கு மேலே, சைடு ஸ்பின் (பக்கவாட்டுச் சுழற்சி) துளியும் இல்லாமல், மிதமான வேகத்தில். வெள்ளைப் பந்து உருண்டபடி போய்ச் சேரட்டும். உருளும் பந்தில் உரசலின் ஒரு பங்கு மேல்கீழாகப் போய்விடும், பக்கவாட்டு இழுப்பு குறையும். வேகம் கூடினாலும் த்ரோ குறையும், ஆனால் பாக்கெட் பந்தைத் துப்பிவிடும், அதனால் ஓங்கி அடிக்காதே. ஒவ்வொரு இடத்திலும் 10 பந்து அடித்து, தவறியது எந்தப் பக்கம் என்று எழுது. பந்து குட்டைக் குஷனில் முதலில் பட்டால் திக். நீளக் குஷனில் பட்டால் தின். விழுந்ததா இல்லையா என்பதைவிட இந்தக் கணக்குதான் முக்கியம். பிறகு அதே மூன்றாவது இடத்திலிருந்து, அதே குறியோடு, மெதுவாக ஸ்டன்னில் அடித்துப் பார். குட்டைக் குஷனில் போய் முட்டும். த்ரோ என்பது என்ன என்று உன் கண்ணாலேயே பார்த்துவிடுவாய். 3 டிகிரி த்ரோவை ஈடுகட்ட, ஹாஃப் பாலில் குறியை ஓரத்திலிருந்து இரண்டரை மி.மீ. வெளியே தள்ள வேண்டும். இந்தத் தள்ளல்தான் நீ இத்தனை சிஸ்டத்திலும் தேடிக்கொண்டிருந்தது.

பந்துகளைத் துடைத்தாயா? க்யூ நுனியில் தடவும் சாக் தூளும் கை எண்ணெயும் படிந்த பந்தில் த்ரோ கூடும். தொடும் இடத்தில் சாக் தடம் இருந்துவிட்டால் பந்து ஒட்டிக்கொண்டது மாதிரி இழுபடும். அந்த ஷாட்டைக் கணக்கிலேயே சேர்க்காதே.

எதிர்த்திசை சைடு ஸ்பின் போட்டு த்ரோவைக் கொல்லலாமே என்று கேட்பாய். முடியும். இடது கட் ஷாட்டுக்கு வலது ஸ்பின். ஹாஃப் பாலில் ஏறக்குறைய பாதி ஸ்பின் போட்டால் இரண்டு பந்தும் பல்சக்கரம் போல உரசாமல் சுழன்று பிரியும். ஆனால் ஸ்பின் போட்ட கணமே வெள்ளைப் பந்து குறியை விட்டு இடப்பக்கம் விலகும், போகப்போக வளைந்தும் வரும். ஒரு பிழையை மறைக்க இரண்டு பிழையை உள்ளே விடாதே. அது அப்புறம்.

இப்போது உன் சென்டர்-டு-எட்ஜ். ஹால் ஹூல் பரப்பிய இந்த முறைமேல் எனக்குப் பகை கிடையாது. வெள்ளைப் பந்தின் மையத்திலிருந்து கலர் பந்தின் ஓரத்துக்கு ஒரு கோடு, வெள்ளைப் பந்தின் ஓரத்திலிருந்து கலர் பந்தின் கால், அரை, முக்கால் புள்ளிகளில் ஒன்றுக்கு இன்னொரு கோடு. இரண்டும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நின்று, அரை டிப் (க்யூவின் நுனி) தள்ளி இறங்கி, க்யூவை மையத்துக்குத் திருப்புவது. நின்றபடியே பார்க்கப் பழக்குகிறது பார், அது தங்கமான பழக்கம். ஆனால் வீடியோவில் உன் பிரிட்ஜை (க்யூவைத் தாங்கும் கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் இடையே உள்ள தூரம்) கவனி. ஒரு ஷாட்டில் 20 செ.மீ., அடுத்ததில் 30. அரை டிப் என்பது சுமார் 6 மி.மீ. அதை 20 செ.மீ. பிரிட்ஜில் திருப்பினால் 1.7 டிகிரி, 30 செ.மீ.யில் 1.15. ஒரு மீட்டர் போவதற்குள் இரண்டுக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். உன்னிடம் இருக்கும் இடமோ ஒன்றரை மி.மீ.! தவிர, கோணங்கள் எண்ணிலடங்காதவை, இந்த முறையில் இருக்கும் நிலைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இடைப்பட்டதை எல்லாம் பழகிய கண்தான் நிரப்புகிறது. அந்தக் கண் உனக்கு இன்னும் அமையவில்லை என்பதுதான் என் கவலை. நான்கு இடத்தையும் மனப்பாடம் செய்தபின் இதற்குப் போ, தாராளமாகப் போ.

இன்னொன்று. நீ குனிந்தபின் தலையை நகர்த்துகிறாய், ஒவ்வொரு ஷாட்டிலும். குறியை நின்றபடியே முடிவுசெய். அந்தக் கோட்டின் மேலேயே தலை இறங்கட்டும். குனிந்தபின் சரியில்லை என்று தோன்றினால் எழுந்துவிடு, கீழே கிடந்தபடி திருத்தாதே. மூக்குக்கு நேராகத்தான் க்யூ இருக்கவேண்டும் என்று வாத்தியார் சொல்வதையும் கேட்காதே. முதல் இடத்தில், நேர் ஷாட்டில், தலையை மெல்ல இடவலம் நகர்த்திப் பார். க்யூவும் இரண்டு பந்தும் ஒரே கோட்டில் தெரியும் இடம்தான் உன் கண்ணுக்கான இடம். சிலருக்கு அது வலது கண்ணுக்குக் கீழே, சிலருக்கு இடது. கடைசி ஸ்ட்ரோக்குக்கு முன் பார்வை குறியில் அசையாமல் நிற்கட்டும். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 'குவயட் ஐ' என்று பெயர் வைத்து ஆராய்ந்தது இந்த நிலைத்த பார்வையைத்தான். பில்லியர்ட்ஸிலும் தேர்ந்தவர்களுக்கு அது நீண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். உன் கண் இரண்டு பந்துக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் எனக்கு எட்டு எண்கள் வேண்டும்: நான்கு இடத்துக்கும் திக் எத்தனை, தின் எத்தனை. வீடியோ வேண்டாம். எண்களைப் பார்த்துவிட்டு நடு பாக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். அதன் வாய் அகலம், ஆனால் சாய்ந்து போனால் சட்டென்று சுருங்கிவிடும், அங்கே கணக்கு வேறு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்