இருபதுக்குப் பதினாறு

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

பேச்சுப் பயிற்சி உதவியாளருக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். கணக்கு டீச்சரான உனக்கு இதைச் சொல்ல எனக்கு ரொம்பவே ஆசை. இலக்கை முடிவு செய்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பயிற்சியை நடத்தி, ஒவ்வொரு முயற்சியையும் சரி, தவறு என்று குறித்துக்கொண்டு வருவது நான். அந்தக் குறிப்பை வைத்துத்தான் அவர் அடுத்து என்ன என்று தீர்மானிக்கிறார்.

'க' வராமல் 'த' சொல்லும் குழந்தையை எடுத்துக்கொள். கதவு 'ததவு' ஆகிவிடும். 20 சொற்கள் கேட்கிறேன், 16 சரி. அதாவது 80 சதவீதம். தொடர்ந்து மூன்று செஷன்களில் 80 வந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்கிற மாதிரி இலக்கு எழுதுவது வழக்கம். ஆனால் வெறும் 80 என்று எழுதி வைப்பது அந்தக் குழந்தைக்கு நியாயமே இல்லை. 16-இல் நான் சொல்லிக் காட்டிய பிறகு வந்தவை 10, தானாக வந்தவை 6 என்றால், சொந்தமாக எட்டியது 30 சதவீதம்தான். சில வாரம் கழித்தும் மொத்தம் அதே 16, ஆனால் தானாக வந்தவை 13 என்று வைத்துக்கொள். மொத்தத்தை மட்டும் கிராஃபில் போட்டால் கோடு நகரவே நகராது. குழந்தையோ 30-இலிருந்து 65-க்கு வந்திருக்கிறது! பாடுபட்டு முன்னேறும் பிள்ளையை 'அப்படியேதான் இருக்கான்' என்று பெற்றோரிடம் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அதனால் உதவியோடு வந்ததையும் தானாக வந்ததையும் தனித்தனியாகத்தான் எழுதுவேன்.

அப்புறம் இந்தச் சராசரி விவகாரம். ஒரு நாள் 5-க்கு 4, இன்னொரு நாள் 20-க்கு 10. 80-ஐயும் 50-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 65 என்று எழுதத் தோன்றும். உனக்குத் தெரியும், 25-க்கு 14, அதாவது 56 என்பதே சரி. இரண்டு படங்களில் ஒன்றைக் காட்டச் சொல்லும் பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் பாதி சரியாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

திக்குவாயில் கணக்கு வேறு. 300 அசைகள் பேசியதில் 18 இடத்தில் திக்கினால் 6 சதவீதம். இந்த எண் குறைந்ததும் உடனே மகிழ முடிவதில்லை. திக்கும் என்று பயந்து சிலர் கஷ்டமான சொல்லை மாற்றிவிடுவார்கள், சிலர் பேச்சையே சுருக்கிக்கொள்வார்கள். எவ்வளவு பேசினார், எதைத் தவிர்த்த மாதிரி தெரிந்தது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். அந்த வரி இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

என் காது எவ்வளவு சரி என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரே பதிவை நானும் தெரபிஸ்டும் தனித்தனியாகக் கேட்டுக் குறிப்போம். 50 சொற்களில் 45-க்கு ஒரே முடிவு என்றால் ஒப்புமை 90 சதவீதம். ஒத்துப்போகாத ஐந்தையும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி கேட்போம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

உன்னிடம் ஒரு உதவி. தானாக வந்தது, உதவியோடு வந்தது, இரண்டையும் ஒரே கிராஃபில் பெற்றோருக்குச் சட்டென்று புரியும்படி எப்படி வரையலாம்? உன் மாணவர்களுக்கு வரைந்து காட்டுவதைப் போல ஒன்று வரைந்து அனுப்பு. முழங்காலைப் பற்றியும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி