பாட்டு இருக்கிறது, பேச்சைக் காணோம்

ஆன் ஆர்பர், மிச்சிகன்
பிப்ரவரி 11

அன்புள்ள சேது,

முதலில் ஒன்று. பரணிலிருந்து இறக்கிய அந்தக் கேசட் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

கோமதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ எழுதியிருந்த தொனியைப் பார்த்தால், அவதிப்படுவது அவள் இல்லை, நீதான் என்று தெரிகிறது. இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. என் முழங்காலோ மாடிப்படி ஏறும்போது சத்தம் போடுகிறது. அதனால் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நான் இங்கே படிக்க வந்த நாளிலிருந்து கிளப்புகளிலும் சர்ச் நிலவறைகளிலும் பதிந்து வைத்த நாட்டுப்புறப் பாட்டு, கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டுக் கச்சேரிக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்றுகிறேன். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. இதுவரை முடிந்தது அறுபது.

தொண்ணூறு நிமிடக் கேசட்டை ஏற்றத் தொண்ணூறு நிமிடம் ஆகும். குறுக்குவழி கிடையாது. அதற்கு முன்னால் வைத்தியமும் பார்க்க வேண்டும். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டோடு அதைச் சேர்த்து அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு நினைவிருக்கிறதா? பாதிக் கேசட்டில் அதன் பசை விட்டுக் கீழே விழுந்து கிடக்கிறது. வேறு கேசட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஒட்டுகிறேன். அடுத்து ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகு. பதிந்த மெஷினில் ஹெட் நின்ற கோணமும் இப்போது ஓட்டுகிற மெஷினில் நிற்கும் கோணமும் ஒரு மயிரிழை மாறினாலும், பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகக் கேட்கும். கண்ணாடிக்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரிக் குட்டி ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும், கம்பியில் விரல் உரசும் சத்தம் சட்டென்று மேலே வரும். அந்த நொடிக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேனோ என்னவோ.

சரி, உன் பெட்டிக்கு வருகிறேன். போன வாரம் 1985 குளிர்காலத்துக் கேசட் ஒன்றை ஏற்றினேன். மிசிசிப்பிப் பக்கத்திலிருந்து வந்த வயதான கிதார்க்காரர். சர்ச் நிலவறை, மடக்கு நாற்காலி, மிஞ்சிப் போனால் நாற்பது பேர். மூன்று பாட்டு முடிந்ததும் அவர் பேச ஆரம்பிக்கிறார். சின்ன வயதில் கிதார் வாங்கக் காசில்லை. துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து, வீட்டுச் சுவரில் ஆணியடித்து, முட்டுக்கு ஒரு பாட்டிலைச் செருகி, இன்னொரு பாட்டிலை மேலே ஓடவிட்டு வாசிப்பார்கள். மிசிசிப்பி டெல்டாவில் எத்தனையோ பேருக்கு முதல் வாத்தியம் அதுதான்; டிட்லி போ என்பார்கள். அப்படி வீட்டுச் சுவரில் தன் அப்பா கம்பி அடித்ததைப் பார்த்துவிட்டு அம்மா வெளியே வந்தாள், வந்து என்ன சொன்னாள் என்றால்... டக். அடுத்த பாட்டு.

டக் என்றது என் கட்டைவிரல். கையில் இருந்தது ஒரே ஒரு கேசட். பாட்டுக்கு நடுவே பேசினால், சுருதி சேர்த்தால், பாஸ் பட்டனை அமுக்கிவிடுவேன். உதவித்தொகையில் வயிறு கழுவியவனின் சிக்கனம். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், அதில் பாட்டைத் தவிர வேறு எதற்கு இடம் கொடுப்பது என்று நினைத்தேன். அன்றைக்கு அறை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. நானும் சிரித்தேன். அம்மா என்ன சொன்னாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு அவர் பாடிய பாட்டெல்லாம் இசைத்தட்டிலேயே கிடைக்கிறது, என் பதிவைவிட நூறு மடங்கு சுத்தமாக.

இந்தப் புத்தி எனக்கு மட்டும் இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 1947-ல் டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன்காரர் லாஸ் ஏஞ்சலீஸ் கிளப் ஒன்றில் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பதிந்தார். ப்ளூஸ் இல்லை, ஜாஸ், ஆனாலும் வியாதி ஒன்றுதான். பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் மெஷின் ஓடும். வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தால் நிறுத்திவிடுவார். கூட வாசித்தவர்களெல்லாம் பாதியில் வெட்டுப்பட்டுப் போனார்கள். 1990-ல் ஏழு சிடியாக வெளிவந்தது. கேட்டுப் பார்த்தேன். தண்டவாளம் இருக்கிறது, நடுவில் ஊரே இல்லை.

அதற்கு நேர் எதிர், நான் இருக்கும் இந்த ஊரிலேயே நடந்தது. 1969 ஆகஸ்ட் முதல் வாரம், பெயர்பெற்ற வுட்ஸ்டாக் இசை விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு ப்ளூஸ் விழா நடத்தினார்கள். மூன்று நாள். மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், பி.பி. கிங், சன் ஹவுஸ், பிக் மாமா தார்ன்டன் என்று ஒரே மைதானத்தில். கம்பெனிக்காரர் யாரும் முறையாகப் பதிந்து வெளியிடவில்லை. நடத்திய மாணவர்களில் ஒருவரான ஜான் ஃபிஷலின் சகோதரர் ஜிம், கையடக்கமான நோரெல்கோ ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். நோரெல்கோ என்பது வேறொன்றும் இல்லை, அமெரிக்காவில் பிலிப்ஸுக்கு வைத்த பெயர். அந்த நாடாக்கள் 2019-ல் இசைத்தட்டாக வந்தன, சரியாக ஐம்பது வருடம் கழித்து. ஒலி சுமார்தான், அங்கங்கே கரகரக்கிறது. ஆனால் அதில் மேஜிக் சாம் என்ற ப்ளூஸ் கிதார்க்காரர் வாசிப்பதைக் கேள். அந்த மனிதர் விழா முடிந்து நான்கே மாதத்தில், முப்பத்திரண்டு வயதில், மாரடைப்பில் போய்விட்டார். கரகரப்பைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கேட்டிருந்தாயே, இதெல்லாம் திருட்டு இல்லையா என்று. நான் பாடுகிறவரிடம் நேராகப் போய்க் கேட்டுவிடுவேன். பாதிப் பேர் சரி என்பார்கள். ஒரு அம்மாள், “தம்பி, இதுதான் என் சாப்பாடு” என்றார். மெஷினைப் பைக்குள் வைத்துவிட்டேன். கோட்டுக்குள் மைக்கை ஒளித்த நாளும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். அதற்கான தண்டனையும் கேசட்டிலேயே இருக்கிறது: மூச்சு விடும்போதெல்லாம் கம்பளி உரசும் சத்தம். 1994-லிருந்து, பாடுகிறவர் அனுமதி இல்லாமல் பதிவது இங்கே கூட்டாட்சிச் சட்டப்படியே தவறு. கச்சேரி பதிகிற எங்கள் கூட்டத்துக்கென்று ஒரு எழுதாத சட்டம் அதற்கு முன்பே இருந்தது. காசுக்கு விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால் தலையும் அனுப்பினால் பதிந்து திருப்பி அனுப்புவோம், அவ்வளவுதான். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்காரர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த விஷயத்தில் நீ என்னைவிடப் பெரிய ஆள், அது உனக்கே தெரியாது. திருவிழாக் கச்சேரிக்கு நேஷனல் பானசோனிக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்பீக்கர் கம்பத்தடியில் வைத்துவிட்டு, நீ பாட்டுக்குச் சுண்டல் வாங்கப் போய்விடுவாய். தானே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மெஷின் அது. வித்வான் மெதுவாக இழுக்கும்போதெல்லாம் ஜெனரேட்டர் பெரிதாகக் கேட்கும்; தவில் விழுந்தால் எல்லாம் அமுங்கிப் போகும். காணாமல் போன குழந்தைக்கு மைக்கில் செய்த அறிவிப்புகூட அதில் இருந்தது. ஹாஸ்டலில் அதைக் கேட்டு உன்னை எவ்வளவு கிண்டல் செய்தேன்! இன்றைக்கு அது கிடைத்தால் அந்த அறிவிப்பைத்தான் முதலில் கேட்பேன்.

இப்போது விஷயம். அன்றைக்குச் சர்ச்சில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார், தபால் இலாகாவில் வேலை. இரண்டு மெஷினோடு வருவார்; ஒன்றில் கேசட்டைத் திருப்பும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். பாஸ் பட்டனைத் தொடமாட்டார். என் கேசட்டில் பிற்பாதி கெட்டுப்போனது. பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாக ஓடியதால், இப்போது போட்டால் கிழவர் அணில் மாதிரிக் கீச்சிடுகிறார். அதனால் மறு வருடம் ஊருக்கு வந்தபோது உனக்கென்று அந்தத் தபால் இலாகாக்காரரின் பதிவிலிருந்துதான் இரண்டு கேசட் நகல் எடுத்து வந்தேன். எனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாட்டுதான் என்னிடம் இருக்கிறதே என்று நினைத்தேன். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வீட்டை விற்றபோது கேசட்டுகளைக் குப்பை வண்டிக்கு எடுத்துவைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர்கள் மேல் என்ன தப்பு, அட்டைப்பெட்டியைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்?

ஆக, மிச்சம் இருப்பது உன் பரண்தான். பச்சை மையில் என் கையெழுத்து, மேலே 1985 என்று இருக்கும். அதன் மேல் வேறு எதையும் பதியாமலிருக்க, பின்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துத்தான் கொடுத்தேன். அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் பதியலாம் என்பது உனக்கும் தெரியும், உன் பையனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒட்டியிருந்தால் மறைக்காமல் சொல். திட்டமாட்டேன்.

ஆசையில் எடுத்துப் போட்டுக் கேட்டுவிடாதே. நாற்பது வருட நாடா, உன் பழைய செட்டின் ரப்பர் உருளை அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் துடைக்கவும் வேண்டாம். காகிதத்தில் சுற்றி டப்பாவில் வை. என் மருமகள் மார்ச் கடைசியில் திருச்சி வருகிறாள். கும்பகோணம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். கைப்பையில் வைத்துக் கொண்டுவருவாள். கோமதியிடம் அவளுக்கு ஒரு டம்ளர் காபி மட்டும் சொல்லிவை. அடுப்புப் பக்கம் போகக் கூடாதென்றால் நீயே போடு, ஆனால் அது உன் காபி என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

கிழவரின் அம்மா என்ன சொன்னாள் என்பதைக் கேட்டதும் அன்றைக்கே எழுதுகிறேன்.

உன்,
ராமு