எம்.எஸ்சி. வேதியியலுக்கு அப்புறம் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழின் உயர்கல்வி வழிகாட்டியைப் படித்தேன். வேதியியல் என்று வந்ததும் 'ஆசிரியர் பணி, உரத் தொழிற்சாலை, மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாடு' என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். புதிய மருந்துக்கான மூலக்கூறை யோசித்து, கையால் செய்து பார்க்கும் மருந்து வேதியியலாளரைக் காணோம். 20 வருஷமாக அதே துறையில் இருக்கும் மன்னார்குடிக்காரி என்பதால் எழுதுகிறேன்.

வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடின் கதையைச் சொன்னால் இந்த வேலை என்னவென்று புரியும். இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டுவது ஹிஸ்டமின். அதன் வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அது போய் உட்காரும் இடத்தை அடைக்கும் பொருளை பிரிட்டனில் மருந்தியல் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக்கின் குழு தேடியது. முதலில் வந்த புரிமமைடை வாய்வழியாகக் கொடுத்தால் போதிய பலன் இல்லை. அடுத்து வந்த மெட்டியமைடு நன்றாக வேலை செய்தது, ஆனால் சில நோயாளிகளுக்கு ரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. அதிலிருந்த தயோயூரியா என்ற கந்தகம் உள்ள பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சயனோகுவானிடின் என்ற வேறொரு பகுதியை வைத்தார்கள். அதுதான் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெடிடின். வயிற்றைக் கிழித்து அறுவை சிகிச்சை என்றிருந்த எத்தனையோ பேருக்கு மாத்திரையே போதும் என்றானது. எந்த மூலையை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதுதான் எங்களுக்குத் தினமும் உள்ள கேள்வி.

எம்.எஸ்சி. முடித்ததும் ஹைதராபாத்தில், மற்ற மருந்து கம்பெனிகளுக்காக ஆராய்ச்சி செய்து தரும் ஓர் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். காலையில் வேதிவினையைத் தொடங்கிவிட்டு, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் டி.எல்.சி. தகட்டில் மணிக்கு ஒரு தரம் புள்ளி வைத்து யூ.வி. விளக்கின் கீழ் பார்ப்பேன். ஆரம்பப் பொருளின் புள்ளி மறைந்து, புதிதாக ஒன்று மட்டும் தெரிந்தால் அன்று நல்ல நாள். நாலைந்து புள்ளி தெரிந்தால் சிலிக்கா தூள் நிரப்பிய குழாயில் ஊற்றிப் பிரித்து முடிக்க ராத்திரி ஆகிவிடும். கை நன்றாகப் பழகியது. ஆனால் எந்த மூலக்கூறைச் செய்வது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் எனக்கு நாற்காலி இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பிஎச்.டி. முடித்தவர்கள். இது எனக்கு உறைக்க 6 வருஷம் ஆனது. 29 வயதில், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பிஎச்.டி.க்குப் போனேன். எம்.எஸ்சி. படிக்கும்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்த வருஷங்களை வேறு மாதிரி கழித்திருப்பேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அத்தை, பேசாமல் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்துவிடட்டுமா?" அவள் நின்ற வாசலிலேயே நித்தியகல்யாணி பூத்திருந்தது. குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கு இன்றும் கொடுக்கிற வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான் என்று காட்டினேன். நாலு வருஷம் வேதியியல் படித்த பெண்ணுக்கு அது தெரியவில்லை. அவள்மேல் குற்றமில்லை, யாரும் சொல்லவில்லை.

அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கரிம வேதியியலில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்க வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பின் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வீட்டில் காசு கேட்காமல் புனே, ஹைதராபாத், லக்னோ ஆய்வகங்களில் பிஎச்.டி.க்குச் சேர முடியும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் 10 மருந்துகளில் ஏறக்குறைய ஒன்றுதான் அனுமதி பெறுகிறது. ஆய்வகத்திலிருந்து கடைக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நான் செய்த எதுவும் இன்னும் மாத்திரையாகவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார், "இன்னும் இல்லை" என்பேன். அப்படியும் இந்த வேலையை விட எனக்கு மனசில்லை.

அடுத்த வழிகாட்டி ப்ளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் வரும்போது இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேட்டால் நானே எழுதித் தருகிறேன்.

- ஒரு வாசகி, மன்னார்குடி