டாமுக்கு அப்பா எழுதுவது

ஆஷிங்டன்
14.5.1932

அன்பு மகன் டாமுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நியூகாசில் அணி எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையைத் தூக்கி மூன்று வாரமாகியும், நம் முதல் கோலுக்கு ரிச்சர்ட்சன் பாஸ் கொடுக்கும் முன் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தெருவில் வாய்ச்சண்டை ஓயவில்லை. நீ எழுதி ஐந்து வாரம் ஆகிறது.

உங்கள் கிளப் அடுத்த சீசனுக்குத் தக்கவைத்தவர்கள் பட்டியல் பேப்பரில் வந்தது. இரண்டு முறை படித்தேன். அச்சில் உன் பெயர் விட்டுப் போயிருக்கலாம்.

எதற்கும் தெரிந்து வைத்துக்கொள். விலை போடாமல் சும்மா விட்டுவிட்டார்கள் என்றால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். டிரான்ஸ்ஃபருக்கு விலை போட்டிருந்தால், அதைக் கட்டாமல் எந்த ஃபுட்பால் லீக் கிளப்பும் உன்னை எடுக்க முடியாது. எப்படியானாலும் சம்பளம் மே முதல் வாரத்தோடு நின்றுவிடும், கோடைப் பணம் கிடையாது. விலை அதிகம் என்று பட்டால் குறைக்கச் சொல்லி பிரெஸ்டனில் லீக் அலுவலகத்துக்கு நீயே எழுது. ஃபுட்பால் லீக்கில் சேராத மிட்லாண்ட் லீக் கிளப்புக்கு அந்த விலை கட்டாமலே போகலாம், ஆனால் உன் பதிவு பழைய கிளப் பிடியில்தான் இருக்கும். அதனால் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. சீசனில் வாரத்துக்கு 8 பவுண்ட், கோடையில் 6 என்பது ஒப்பந்தம் உள்ளவனுக்குத் தரக்கூடிய உச்சவரம்புதான். எழுத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார். கிளப்பின் நிலைமையையும் விசாரி. விகன் பரோ கிளப் போன அக்டோபரில் நடு சீசனிலேயே லீக்கை விட்டுப் போனது. நம் ஊர் கிளப்பை 1929-ல் ஓட்டுப் போட்டு லீக்கிலிருந்து வெளியே தள்ளினார்களே.

ஐந்து சீசன் லீக்கில் ஆடியிருக்கிறாய். இந்தத் தெருவில் வேறு யார் ஆடினார்கள்? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இரண்டு வரி எழுத உனக்குத்தான் நேரமில்லை.

உன்னோடு ஆடுகிற பையன்கள் யாருக்காவது முழங்கால் சிக்கிக்கொண்டு நேராக நீள மறுத்தால் இதைச் சொல். சேற்றில் ஸ்டட் மாட்டி, பாதம் நிற்க உடம்பு மட்டும் திரும்பினால் உள்ளே குருத்தெலும்பு கிழியும். வீக்கம் வடியும், சுளுக்கு என்று டிரெயினர் தைலம் தேய்ப்பார், ஆனால் கிழிந்தது அதனால் ஒட்டாது. முட்டிச் சில்லுக்கு நாலு அங்குலம் மேலே இரண்டு தொடையையும் டேப்பால் அளக்கச் சொல். ஒரு பக்கம் ஒரு அங்குலம் மெலிந்திருந்தால் அந்தக் கால் வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம். மேஜை ஓரம் உட்கார்ந்து, பாதத்தில் மணல் பை கட்டி, மெதுவாக நீட்டி மடக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை. வலியை மறைத்து ஆடக்கூடாது. மறைத்து ஆடவே கூடாது, டாம்.

உனக்கு 16 வயதில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை பழக இடம் வந்தது. நான்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஷிஃப்ட் போட்டால் உன் ஆட்டம் போய்விடும் என்று பயந்தேன். லீக் ஆட்டக்காரனின் அப்பா என்று பேர் வாங்க ஆசைப்பட்டேன். இன்று உன் கையில் ஒரு தொழில் இருந்திருக்கும். இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

இதோடு 10 ஷில்லிங் போஸ்டல் ஆர்டர் வைத்திருக்கிறேன், ரயிலுக்கு. பின்னறையில் உன் கட்டில் அப்படியே இருக்கிறது. பணம் தேவைப்படவில்லை என்றாலும் திருப்பி அனுப்பாதே, அம்மா தபாலைப் பிரித்துவிடுவாள்.

அப்பா