அம்பாந்தோட்டை: ஒத்தியா, குத்தகையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடனைத் திருப்பித் தர முடியாததால் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை இலங்கை சீனாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்று சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன். நெடுங்காலம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அது ஒத்தியும் அல்ல, கிரயமும் அல்ல, குத்தகை. 2017ஆம் ஆண்டு சீன நிறுவனம் ஒன்று 112 கோடி டாலருக்கு அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் போயிற்றே தவிர, துறைமுகம் கட்டுவதற்குச் சீன எக்சிம் வங்கியில் வாங்கிய கடன் அதனால் அடையவில்லை. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு வீட்டுச் செலவைச் சமாளித்தவனுக்குத் தோப்பு வைக்க வாங்கிய கடன் அப்படியே நிற்பதைப் போன்றது இது.

இதைப் பத்திர எழுத்தரின் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கும் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அங்கு வரவிருந்தபோது, இந்தியா கவலை தெரிவித்ததும் வரவை ஒத்திவைக்கச் சொன்ன இலங்கை அரசு, சில நாட்களில் தானே அனுமதியும் கொடுத்தது. துறைமுகத்தின் பாதுகாப்பு தன் கையில்தான் என்று அந்த அரசு சொல்லிவந்ததில் பொய்யில்லை. அனுமதி கொழும்பிலிருந்துதான் வந்தது. ஆனால் வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட இயலாது என்று நான்கு மாதங்களுக்கு முன்புதான் கைவிரித்திருந்த நாடு, கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் இசைவை எதிர்பார்த்திருந்த நேரம் அது. சீட்டில் எழுதாத சரத்து ஒன்று அங்கே வேலை செய்தது என்றே நான் கொள்கிறேன். தூத்துக்குடிச் சரக்குப் பெட்டகங்களில் பல கொழும்பு வழியாகவே வெளிநாடு போவதால், அந்நாட்டின் கடன் நெருக்கடி நமக்கு அயலார் வீட்டுச் சங்கதி அல்ல.

நம் மாவட்டத்திலும் அந்நியக் கடன் உண்டு. உலக வங்கிக் கடனில் அகலப்படுத்தப்பட்ட நெல்லை–தென்காசிச் சாலை, தாமதத்தால் எங்களைப் படுத்திய பாடு தனி. ஆனாலும் அது நெடுஞ்சாலைத் துறையின் சாலைதான், பாவூர்சத்திரத்துக் காய்கறி லாரிகள் யார் தயவுமின்றிக் கேரளத்துக்குப் போகின்றன. கூடங்குளம் அப்படியல்ல. 1988இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்து தொடங்கிய அந்நிலையத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு எழும்புகின்றன. ரஷ்யக் கடனுதவியோடு எழும் இந்த அணுமின் நிலையம் இந்திய அரசுக்குச் சொந்தம். எரிபொருளோ ரஷ்யாவிலிருந்தே வர வேண்டும். 2023 செப்டம்பரில் ரஷ்யாவில் செய்த நீராவிக் கலன்களை ஏற்றிவந்த மிதவைக் கப்பல் கூடங்குளக் கடலில் பாறைகளுக்கிடையே சிக்கியபோது, எவ்வளவு தொலைவிலிருந்து எதற்கெல்லாம் காத்திருக்கிறோம் என்பதை இங்குள்ளவர்கள் கண்ணாரக் கண்டார்கள். இந்தியா இலங்கையைப் போல் கைவிரிக்கும் நிலையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு ஒரே நாட்டிடம் எரிபொருளும் உதிரிபாகமும் கேட்டு நிற்கப்போகும் நிலையத்தின் கடன் சரத்துகள், அதன் மதிலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

உலக வங்கி தன் கடன் ஒப்பந்தங்களை ஆங்கிலத்திலாவது வெளியிடுகிறது. கூடங்குளக் கடனின் வட்டி, தவணை, எரிபொருள் நிபந்தனை ஆகியவற்றை மத்திய அரசு தமிழில் வெளியிடுமாறு தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து சென்ட் நிலத்தின் பத்திர நகலைக்கூடச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கிவிட முடிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
வள்ளியூர்.