ஆயிரம் மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுங்கள்

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஆய்வு நிதியை ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலங்களுக்கான வினையூக்கிகளில் பத்து வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். 2023-இல் ஒப்புதல் பெற்ற உங்கள் இயக்கத்தின் 19,744 கோடி ரூபாயில் ஆய்வுக்கென்று 400 கோடி இருக்கிறது. அது எதற்குச் செலவாக வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வேலை மையில் தொடங்குகிறது; மின்கலத்துக்குள் வினையூக்கி அடுக்காகப் பூசப்படுவது அதுதான். பிளாட்டினம் ஏற்றிய கரித்தூளை முதலில் தண்ணீர் விட்டு நனைப்போம். உலர்ந்த தூளில் நேராக ஆல்கஹால் ஊற்றினால் தீப்பிடிக்கலாம். அப்புறம் ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலும், புரோட்டான்களைக் கடத்தும் பாலிமரான நாஃபியானின் கரைசலும் சேர்த்து, மீயொலியால் கலக்கும் சோனிக்கேட்டரில் ஐஸ் போட்டு வைத்தால் கன்னங்கரேலென்று மை தயார். அதில் ஒரு சொட்டை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்முனைத் தகட்டில் காயவைத்து, அமிலத்தில் இறக்கி நிமிடத்துக்கு 1,600 சுற்று சுழற்றினால், ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும். கட்டுரை எழுத அது போதும். லாரி ஓட்டப் போதாது.

உலகின் பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அதற்கு மாற்றாக, இரும்பும் நைட்ரஜனும் சேர்த்த கரிமத்தை எத்தனையோ ஆய்வகங்கள் செய்து பார்க்கின்றன. முதல் நாள் பிரமாதமாக வேலை செய்யும். மின்கலத்துக்குள் வைத்து ஓட்டினால் இரும்பு கரைந்து வெளியேறும், உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு மிச்சத்தை அரிக்கும். கனரக லாரியின் மின்கலத்துக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் ஆயுள் இலக்கோ 25,000 மணி நேரம். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

செம்பு மையால் மின்சுற்று அச்சிடும் நண்பர்களுக்கும் இதே பாடுதான். அச்சிட்ட அன்று மின்னோட்டத்துக்கு எதிர்ப்பு குறைவாக இருக்கும். ஈரக்காற்று பட்டுச் செம்பு ஆக்சைடாக மாறிய பிறகு எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு.

நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில், நானூறு மணி நேரம் ஓடிய ஒரு கலம் ஒரு சனிக்கிழமை இரவு சிலிண்டர் தீர்ந்து செத்தது. மாற்று சிலிண்டருக்கான கோப்பு மூன்று வாரமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஹைட்ரஜன் நின்றபின்னும் மின்னோட்டத்தை இழுத்தால் கலம் தன் கரிமத்தையே தின்னத் தொடங்கும். திறந்தபோது கறுப்பு அடுக்கு திட்டுத்திட்டாகப் போயிருந்தது. அந்தக் கலத்தை ஓட்டிய மாணவி அதைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றிருந்தார்.

சரி, கேட்பது இதுதான். நீங்கள் பணம் தரும் ஒவ்வொரு வினையூக்கித் திட்டத்திலும் முழு மின்கலத்தில் 1,000 மணி நேரச் சோதனையைச் சேருங்கள். அதற்கான எரிவாயு, இரவுப் பணியாள், மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பில் நிதி கொடுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில், வெளியார் மாதக்கணக்கில் கலங்களை ஓட்டிப் பார்க்கச் சோதனை மேடைகள் அமையுங்கள். பாதியில் செத்த கலம் ஏன் செத்தது என்பதையும் திட்டத்தின் விளைவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்படி நின்றுபோன பதினோரு கலங்களின் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் முதலில் அவற்றை அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓர் ஆய்வாளர்