மேல்மடைச் சித்தப்பாவுக்கும் மற்றவர்களுக்கும்

மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனத்தில் நெல் போடுகிறவன் நான். அறுப்பு முடிந்து களம் கூட்டியாயிற்று. வயலில் உரத்தைக் குறைக்க எனக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றியை ஊரறியச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா, முதல் வணக்கம் உங்களுக்கு. நம் வயல் வடிகால் நேரே கண்மாயில்தான் விழுகிறது. அங்கே ஆகாயத்தாமரை மண்டி, மாடு வாய் வைக்காத அளவுக்குப் பாசி நாறியது. பயிர் தின்றது போக மிஞ்சிய யூரியா, டிஏபி உரங்கள் வடிந்துபோய் அதை வளர்க்கின்றன என்று கூட்டத்தில் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினோம். ஒருவரும் ஒரு பிடி குறைக்கவில்லை. பயம்தான். பக்கத்து வயல் கருகருவென்று நிற்கையில் நம் பயிர் வெளுத்தால் ஊர் என்ன பேசும்? மகசூல் விழுந்தால் அடகு நகையை எப்படி மீட்பது? நீங்கள்தான் ரோட்டோரத்து அரை ஏக்கரில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில், முதலில் குறைத்தீர்கள். அந்த வருஷம் இலைச்சுருட்டுப்புழு விழுந்தது எங்கள் கருத்த பயிரில். மழைக்குச் சாய்ந்ததும் எங்களுடையது. உங்கள் களத்தில் நெல் குறையவில்லை. மறுவருஷம் நான் ஒரு ஏக்கரில் துணிந்தேன்.

விவசாயக் கல்லூரியிலிருந்து வந்து ஊரில் தங்கிய பிள்ளைகளே, இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா வேண்டுமா என்று பார்க்கிற இலை வண்ண அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போகாமல் எங்களோடு சேற்றில் இறங்கினீர்கள். வெயில் ஏறுமுன், உடம்பு நிழலில் வைத்து, பத்து இலை பார்க்க வேண்டும். ஆறு இலையாவது அட்டையின் நாலாம் நிறத்துக்குக் கீழே வெளுத்திருந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னி ரக நெல்லுக்கு மூன்றாம் நிறம். இப்போது வாரம் தவறாமல் என் மகள்தான் பார்க்கிறாள்.

உரக்கடை மாமா, 45 கிலோ யூரியா மூட்டையில் ஒன்று குறைத்துக் கேட்டபோது முகம் சுளிக்கவில்லை. மொத்தமாகக் கொட்டாதே, பிரித்துப் போடு என்று சொல்லியும் அனுப்பினீர்கள். வியாபாரம் குறையும் என்று தெரிந்தே சொன்ன சொல் அது.

உரம் போட்ட வயலில் தண்ணீர் வடியாமல் மடையைக் கட்டிக் காத்த நீர்பாய்ச்சி அண்ணனுக்கும், பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை கொடுத்துப் பூக்குமுன்னே மடக்கி உழச் சொன்ன அத்தைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கண்மாய் இன்னும் தெளியவில்லை. அடிவண்டலில் படிந்த சத்து லேசில் போகாது. ஆனாலும் கீழ்மடைக்காரர் நாலு பேர் என்னிடம் அட்டை கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் திறந்து நடவானதும் என் வயலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா, அன்றைக்கு நீங்களும் வரப்பில் நிற்க வேண்டும்.